விட்டு நீங்கலாகாத ஊர்

ஊர்ப்பெயர்களில் பெரும்பாலானவை 'இங்கே இது உண்டு' என்று சொல்பவை. ஆலங்குடியில் ஆல் உண்டு, வேப்பேரியில் வேம்பும் ஏரியும் உண்டு, மேட்டூரில் மேடு உண்டு. இல்லை என்பதை அடியாகக் கொண்டு பிறந்த பெயர்கள் அரியன. அயோத்தி என்னும் வடசொல்லுக்குப் போரிட முடியாதது என்று பொருள்; அவிநாசிக்கு அழிவில்லாதது. ஈழத்து வன்னிநிலத்துக்கு அடங்காப்பற்று என்று ஒரு பழம்பெயர் உண்டு; பற்று என்னும் நிலப்பிரிவுச் சொல்லின் முன்னால் 'அடங்கா' என்ற ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தை நிறுத்தி, எந்த அரசனுக்கும் திறை கட்ட விரும்பாத மக்களின் வரலாற்றையே எட்டெழுத்தில் அடக்கியவர் யாரோ, அவர் பெரும் சொல்லாளர். இத்தகைய எதிர்மறைப் பெயர்களைத் தேடிச் சேர்ப்பது எனக்கு நெடுநாள் வழக்கம். பெங்களூர்த் தொம்மலூரில் இருந்துகொண்டு தேடுபவனுக்கு, இந்தியப் பெருங்கடலின் தென்மேற்கே ஓர் எரிமலைத் தீவின் நடுவில், அந்த வரிசையிலேயே தலைசிறந்த பெயர் ஒன்று கிடைத்தது: சிலாவோஸ்.

சிலாவோஸ் இருப்பது ரீயூனியன் தீவில். 2,512 சதுர கிலோமீட்டர்ப் பரப்பே உடைய அத்தீவு முழுவதும் எரிமலைக் குழம்பு உறைந்து எழுந்தது. ஓர் எரிமலை இன்றும் கனல் கக்குகிறது. அவிந்துபோன மற்றொன்றான பித்தோன் தே நேஜ் 3,070 மீட்டர் உயரம் நிற்கிறது. அவிந்த அம்மலையின் இடுப்பைச் சுற்றி மூன்று மாபெரும் பள்ளங்கள், மலை உட்சரிந்தும் ஆறுகள் அரித்தும் உண்டானவை: சலாசி, மஃபாத், சிலாவோஸ். இவற்றுள் தெற்குநோக்கித் திறந்த பள்ளத்தாக்குதான் சிலாவோஸ். 6,000 பேருக்கும் குறைவானவர்கள் பயறும் கொடிமுந்திரியும் பயிரிட்டு வாழும் நாட்டுப்புறம். 1965இல் சேன்-லூயி நகராட்சியிலிருந்து பிரிந்து தனி நகராட்சியானது. நகராட்சி என்றால் நம் ஊர் நகராட்சியை எண்ண வேண்டாம். புதுச்சேரிக்காரர்கள் இன்றும் கொம்யூன் பஞ்சாயத்து என்கிறார்களே, அந்தப் பிரெஞ்சுக் கொம்யூன். தீவில் அத்தகைய கொம்யூன்கள் 24, சிலாவோஸ் கடைக்குட்டி.

இனிப் பெயரைப் பிரிப்போம். எழுத்தைப் பார்த்தால் பிரெஞ்சுபோல் தோன்றும், ஆனால் பிரெஞ்சில் இதற்கு வேர் இல்லை. வேர் மடகாஸ்கர் மொழியான மலகாசியில் இருக்கிறது. 'த்சி' என்பது அம்மொழியின் எதிர்மறை இடைச்சொல். நம் 'ஆ' சொல்லின் நடுவே புகுந்து மறுப்பதுபோல் அல்லாமல், அது முன்னே நின்று மறுக்கும். 'லாவ்' என்பது விட்டு நீங்குதலைக் குறிக்கும் வினையடி. அதனோடு 'அன' என்னும் ஈறு சேரும்போது அடிக்கும் ஈற்றுக்கும் இடையில் ஓர் அதிரும் சகரம், நம் உடம்படுமெய்யைப் போல, வந்து நிற்கும். முன்னே ஓர் இகரமும் ஏறி 'இலாவ்ஸன' என்றாகும். விடப்படுவது என்பது பொருள். செயப்பாட்டு வடிவம் அது. 'த்சி இலாவ்ஸன' என்றால் விடப்படாதது, விட்டு நீங்கலாகாதது. மலகாசியில் அழுத்தம் பொதுவாக ஈற்றயல் அசையில் விழும்; 'ன' போன்ற மெலிந்த ஈறுள்ள சொற்களில் அதற்கும் முந்தைய அசையில் விழும். கடைசி அசைகள் பேச்சில் தேய்ந்து, வேற்றுக் காதுக்குக் கேட்டும் கேளாமலும் மறையும். கேட்டு எழுதிய பிரெஞ்சுக்காரரின் காதில் 'அன' விழவில்லை. முன்னிருந்த 'த்சி'யின் தகரமும் உதிர்ந்தது. இடைநின்ற அந்தச் சகரம் மட்டும் சொல்லின் விளிம்பில் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சில் சொல்லிறுதிச் சகரம் பெரும்பாலும் ஒலிப்பதில்லை. ஆனால் சிலாவோஸில் அது இன்றும் ஒலிக்கிறது. அந்த ஒலியை நான் உதிர்ந்த ஈற்றின் எச்சமாகவே கொள்கிறேன்.

அங்கே ஒளிந்து வாழ்ந்த த்சிலாவோஸ் என்னும் தலைவனின் பெயரே ஊருக்கு ஆயிற்று என்று கூறுவாரும் உளர். இரண்டு கூற்றும் ஒன்றை ஒன்று வெட்டவில்லை. ஆளுக்கு அமைந்த பெயராயினும் சொல்லின் உறுப்புகள் அவையேதாம்.

யார் வாயில் பிறந்தது இச்சொல்? இங்கே சற்று நிற்க வேண்டும். கடற்கரையில் காப்பித் தோட்டங்களை வளர்த்த பிரெஞ்சுக்காரர்கள் வேலைக்கு அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். தொடக்ககாலத்தில் அவர்களுள் பலர் மடகாஸ்கரிலிருந்து வந்தவர்கள். தப்பியோடியவர்கள் கடல்பக்கம் போக வழியில்லாமல், வெள்ளையர் ஏற அஞ்சிய மலைக்குள் ஏறினார்கள். அவர்களைப் பிரெஞ்சில் 'மரோன்' என்றனர். பண்ணையை விட்டு மலையேறிக் காடுபட்ட கால்நடைகளுக்கு ஸ்பானியர் வழங்கிய 'சிமரோன்' என்னும் சொல்லின் குறைவடிவம் அது. மாட்டுக்கு வைத்த சொல்லை மனிதனுக்கு வைத்தார்கள் கீழே இருந்தவர்கள். மேலே இருந்தவர்களோ தங்கள் மொழியிலேயே மலைகளுக்குப் பெயரிட்டார்கள், அந்தப் பெயர்கள் எவ்வளவு நிமிர்ந்து நிற்கின்றன பாருங்கள். மஃபாத் பள்ளத்துக்கு அங்கே வாழ்ந்த ஒரு மரோன் தலைவனின் பெயர். 'மஹஃபாத்தி' என்றால் கொல்வது, சாவு விளைப்பது. அத்தலைவனை 1751இல் பிரான்சுவா முசார் என்னும் மரோன் வேட்டைக்காரன் கொன்றான். சிமாந்தெஃப் என்று ஒரு சிகரம் உண்டு. அதன் முன்னாலும் நம் 'த்சி' நிற்கிறது. பின்னே இருப்பது அடிமையைக் குறிக்கும் 'அந்தேவு' என்னும் சொல்லின் வினைவடிவம். அடிமைப்படாதவன் என்று பொருள் கொள்கிறார்கள். அடங்காப்பற்றை இதன் அருகில் வைத்துப் பாருங்கள்: மொழிக்குடும்பம் வேறு, கடல் வேறு, காலம் வேறு, எதிர்மறை ஒன்றே.

'விடலாகாதது' என்பதில் இரண்டு பொருள்கள் பின்னிக் கிடக்கின்றன. நல்ல நீரும் குளிர்ந்த மண்ணும் உள்ள இடத்தை விட மனம் வராது என்பது ஒன்று. கீழே இறங்கினால் சங்கிலி காத்திருக்கிறது, ஆகவே விடக்கூடாது என்பது மற்றொன்று. விருப்பமா, விலக்கா என்று மலகாசிச் செயப்பாட்டு வடிவம் பிரித்துக் காட்டுவதில்லை. தமிழில் 'ஆகாது' என்று ஒரு சொல் நமக்கு இருக்கிறது. இயலாமையையும் தகாமையையும் ஒருசேரச் சுமக்கிற சொல். தலைப்பில் 'நீங்காத' என்று எழுதாமல் 'நீங்கலாகாத' என்று எழுதியது அதனால்தான்.

நிலத்தின் அமைப்பும் பெயருக்குத் துணை நிற்கிறது. இம்மாதிரிப் பள்ளத்தைப் பிரெஞ்சில் 'சிர்க்' என்பார்கள். வட்ட அரங்கு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது, நம் ஊர் சர்க்கஸுக்கும் அதுவே தாய். சுற்றிலும் ஆயிரம் மீட்டருக்கு மேல் செங்குத்தாக எழும் பாறைச் சுவர். நடுவே ஓடைகள் அறுத்துத் துண்டாக்கிய மேட்டுச் சமநிலங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு சிற்றூர். அதற்கு அங்கே 'இலே' என்று பெயர், தீவுக்குட்டி என்று பொருள். கடல்நீர் சூழாமல் பள்ளம் சூழ்ந்தாலும் தீவே என்று கண்ட மக்கள். தமிழில் இதற்கு நேரான சொல் 'திட்டு'. கொள்ளிடத்து நடுவில் முதலைமேடு திட்டு என்று ஊர் இருக்கிறதே, வெள்ளம் வரும்போதெல்லாம் செய்தியில் அடிபடும் ஊர், அதன் திட்டுக்கும் இந்த இலேக்கும் கருத்தில் வேறுபாடு இல்லை. அத்திட்டுகளுள் ஒன்று இலே-ஆ-கோர்த், கயிற்றுத் திட்டு. ஒரு காலத்தில் கயிறு பிடித்துத்தான் அங்கே ஏற முடிந்தது என்பது பெயரிலேயே இருக்கிறது. கீழிருந்து சிலாவோஸுக்கு வண்டிச்சாலை வந்தது 1932இல். நானூறு வளைவுகள் என்று அச்சாலையைச் சொல்வார்கள். அதுவரை அங்குள்ள வெந்நீர் ஊற்றில் குளித்து நோய் தீர்க்க வந்த செல்வர்களை நாற்காலியில் அமர்த்தி ஆட்கள் தோளில் சுமந்து ஏற்றினர். 1952 மார்ச்சு நடுவில் ஒரே நாளில் 1,870 மில்லிமீட்டர் மழை கொட்டி, உலகக் கணக்கேட்டில் இடம்பிடித்த ஊரும் இதுவே. சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதைவிட அது மிகுதி.

இனி, நான் சொல்லவந்த செய்தி. அத்தீவுக்கு அரசுகள் பெயர் சூட்டிச் சூட்டி மாற்றின. 1649இல் பிரெஞ்சு அரச குலத்தின் பெயரால் பூர்போன். புரட்சி வந்து அரசன் தலை போனதும் 1793இல் ரீயூனியன். 1806இல் பேரரசனின் பெயரால் பொனபார்த். ஆங்கிலேயர் கைப்பற்றியபின் மீண்டும் பூர்போன். 1848இல் மறுபடி ரீயூனியன். அதே 1848 டிசம்பர் 20ஆம் நாள் அங்கே அடிமைமுறை ஒழிந்தது. இத்தனை மாற்றத்துக்கும் நடுவில் தீவின் வயிற்றுக்குள் இருந்த சிலாவோஸ் என்ற பெயரை யாரும் அசைக்கவில்லை. அதைச் சூட்டியவர்களுக்கு ஆணை இல்லை, முத்திரை இல்லை, எழுத்தும் இல்லை. பின்னாளில் அங்கே குடியேறியவர்கள்கூடப் பெரும்பாலும் நிலமிழந்த ஏழை வெள்ளையர்கள். சொல் மட்டும் மலையில் தங்கி, அடுத்து வந்தவர் வாயில் ஏறிக்கொண்டது.

தொம்மலூரில் நடந்ததும் இதுதான். பழைய விமான நிலையச் சாலையில் மேம்பாலத்தின் இரைச்சலுக்கு அருகே சொக்கநாதசுவாமி கோயில் இருக்கிறது. பெயரைக் கேட்டு மதுரையை நினைப்பவர் உள்ளே போனால் திருமாலைக் காண்பர். கல்வெட்டுகள் அவரைச் சொக்கப்பெருமாள் என்கின்றன. சொக்கு, அழகு, அழகர் என்பதும் அதுவே. அங்குள்ள கற்கள் தமிழ் பேசுகின்றன. 1270ஆம் ஆண்டுக் கல் ஒன்று அழகியார் என்பவர் இரண்டு கதவுநிலைகள் செய்தளித்ததைச் சொல்கிறது. போசள வீர ராமநாதனின் கொடைகளும் உண்டு. கல்வெட்டு வரிசை பின்னர் விசயநகரத்து இரண்டாம் தேவராயன் வரை வருகிறது. லூயிஸ் ரைசு தொகுத்த கர்நாடகக் கல்வெட்டுத் தொகுதியின் 9ஆம் மடலில், 1905இல் அச்சானதில், பெங்களூர் வட்டாரக் கல்வெட்டுகள் எல்லாம் இருக்கின்றன. அக்கற்களில் ஊருக்கு இரண்டு பெயர்கள்: தொம்பலூர் என்பது ஒன்று, தேசிமாணிக்கப்பட்டணம் என்பது மற்றொன்று. பின்னது எத்துணை ஒளி வீசும் பெயர்! தேசி என்றால் நானாதேசி என்னும் பெருவணிகக் குழு. மாணிக்கம் அதன் மதிப்பு. பட்டணம் சந்தை கூடும் ஊர். வணிகரும் அரசும் கூடி இழைத்த பொற்பெயர். இன்று அது கல்லில் மட்டுமே இருக்கிறது. ஆட்டோ ஓட்டுநரிடம் தேசிமாணிக்கப்பட்டணம் போக வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். பொருளே தெளியாத தொம்பலூர்தான் நடந்து நடந்து நம் காலத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மகரத்தின்பின் வந்த பகரம் மகரமாகவே ஒன்றியது எப்படி என்பதற்கு நம் வீட்டுச் சொல்லே சான்று: நமக்குத் தம்பி, கன்னடர்க்குத் தம்ம. நம் கொம்பு தெலுங்கில் கொம்மு. அவ்வழியே தொம்பலூர் தொம்மலூர் ஆனது. அதில் ஐயம் இல்லை. ஐயமெல்லாம் முதலெழுத்தில் இருக்கிறது, அதுவும் இரட்டை ஐயம். பழங்கல்வெட்டுகளில் புள்ளியிடும் வழக்கம் அருகியமையால் தொவும் தோவும் ஒரே வடிவம். குறிலா நெடிலா என்று கல் சொல்லாது. தகரம் அதிர்ந்ததா அதிராததா என்பதையும் தமிழெழுத்து சொல்லாது. கன்னடர் இன்று அதை அதிரொலியாகவே வழங்குகின்றனர். ஆனால் நாம் அதிராமல் ஒலிக்கும் 'தாண்டு' கன்னடத்தில் அதிரும் தகரத்தோடு 'தாட்டு' ஆகிறது. ஆகவே இன்றைய அதிர்வைக் கொண்டு அன்றைய ஒலியை அறுதியிடலாகாது. நம் எழுத்தில் இது குறை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு ஒலிப்பையும் ஒரே எழுத்தில் வைத்துக்கொண்டு, எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக இரு மொழியினரும் தத்தம் வாய்க்கேற்பப் படிக்க விட்டிருக்கிறது அந்தத் தொ.

பொருள்? தும்பையூர் என்பது காதுக்கு இனிய விடை. ஆனால் உகரம் ஒகரமாவது அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வரும்போது, அதுவும் இடையில் ஒற்றை மெய் நிற்கும்போதுதான்: உலகம் ஒலகமாகும், துணை தொணையாகும், குப்பையோ கொப்பையாவதில்லை, தும்பையும் தொம்பையாவதில்லை. நீர்மதகான தூம்பைச் சொல்லலாம் என்றால், கன்னடத்தில் அது மகரம் இழந்து தூபு ஆகிவிடுகிறது. நான் சாய்வது தொம்பர் பக்கம். கழை நட்டுக் கயிற்றில் ஆடிய கூத்தர்கள் அவர்கள். தமிழில் தொம்பர், கன்னடத்தில் தொம்பரு. தொம்பரூர் என்பதில் இரண்டு ரகரங்கள் அடுத்தடுத்து வர, நா இடறாமலிருக்க முன்னது லகரமாக மாறித் தொம்பலூர் ஆவது ஒலியியலுக்கு ஒவ்வும். இதை என் கருத்தாக மட்டுமே கொள்க. மாணிக்கப் பட்டணத்தை மறக்கடித்தது கழைக்கூத்தர் குடியிருப்பு என்றால், மரோன்களின் சிலாவோஸ் பூர்போனை வென்றதற்கு அது நல்ல இணை.

ரகரம் லகரமாவதைச் சொன்னேன். அதே திரிபு ரீயூனியன் சமையலறையிலும் இருக்கிறது. 1848க்குப்பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போன தமிழரைத் தீவார் 'மல்பார்' என்றனர்; மலைநாட்டுக்குரிய பெயரைச் சோழமண்டலக் கரையினர்மேல் ஏற்றிய ஐரோப்பியரின் பழைய மயக்கம். மக்கள் பெயர் மயங்கினாலும் சொற்கள் மயங்கவில்லை. கறி அங்கே காரி. முருங்கை முருங். கருவேப்பிலை 'கலுபிலே' ஆனது; இதோ, ரகரம் லகரம். ஊறுகாய் தன் முதல் நெடிலை இழந்து 'ருகாய்' ஆனது, ஆனால் எழுத்தில் ககரமாக நாம் எழுதி வாயில் அதிரொலியாகச் சொல்லும் அந்தக் 'காய்' அப்படியே அதிர்ந்து ஒலிக்கிறது. நம் எழுத்தில் மறைந்த ஒலி அவர்கள் எழுத்தில் வெளிப்பட்டு நிற்கிறது. தமிழ் ஒலிநூலாருக்கு இது பரிசு. மதுரைவீரன் அங்கே மல்தெவிரின். தீமிதித்து வழிபடும் பாஞ்சாலி பாந்தியாலே.

மூன்று பள்ளங்களுள் சலாசிக்கு நான் போதிய இடம் தரவில்லை. அப்பெயரும் மலகாசியே, இறைச்சி வாட்டும் கோல்சட்டத்தைக் குறிக்கும் சொல்லோடு அதை இணைப்பார்கள். பள்ளங்களுக்கிடையே கோல்கள்போல் நிற்கும் மூன்று பாறைகளுக்கு மூன்று சலாஸ்கள் என்று பெயர் இருப்பதால் அவ்விணைப்பு பொருந்தும். சலாசியின் சரிவெல்லாம் படர்ந்து கிடக்கும் கொடிக்காய்க்கு அங்கே 'சூசூ' என்று பெயர். பிரேசில் நாட்டுப் போர்த்துகீசியத்தில் 'சுசு'. நமக்கு அது சௌசௌ. நாம் அதற்கு வைத்த மற்றொரு பெயர் பெங்களூர்க் கத்திரிக்காய்! பெங்களூரில் உள்ள கன்னடரோ அதைச் சீமெ பதனெகாயி, சீமைக் கத்திரிக்காய், என்கிறார்கள். ஊர்ப்பெயரைக் காய்க்கு ஏற்றும் வழக்கத்தில் யாருக்கும் தன் ஊர் காரணமாவதில்லை. எப்போதும் அடுத்த ஊர்தான்.

அரசு சூட்டிய பெயர் நிலைப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதே சலாசியில் எல்-பூர் என்று அழகிய சிற்றூர் இருக்கிறது. எல் என்னும் ஆளுநரின் பெயரால் அமைந்தது. அவர் பெயரை ஆங்கிலக் கண்ணால் படிப்பவருக்கு நரகம் என்று தோன்றும். பிரெஞ்சில் முதல் ஹகரம் ஒலிக்காமையால் ஊர்க்காரருக்கு அந்தக் கவலை இல்லை. நம் அந்தமானில் நார்க்கொண்டம் என்னும் எரிமலைத் தீவின் பெயரை நரககுண்டம் என்பதன் திரிபு என்று சொல்வார்கள். அது காதுக்கே நரகம்.

சொல்லன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரின் பெயரை வரைபடத்தில் உள்ளவாறு ஒருமுறை எழுதுங்கள்; அதனருகில், ஊரில் மூத்த ஒருவர் வாயில் வரும் வடிவத்தை, இழுக்கும் இடத்தில் இழுத்து, விழுங்கும் இடத்தில் விழுங்கி, அப்படியே எழுதுங்கள். திருத்தாதீர்கள். 'கொச்சை' என்று ஒதுக்காதீர்கள். தொம்மலூர்ப் பக்கம் வந்தால் சொக்கநாதர் கோயிலில் அந்தத் தொவையும் ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். தொம்பர் என்னும் என் கருத்தை மறுக்கச் சான்று கிடைத்தால் மறைக்காமல் எழுதுங்கள்.